றங்குப் பெட்டி மூடியிலிருந்து உரித்தெடுத்த ஊமைப்பட போஸ்டர்

கல்முனையில் பழைய இரும்புச் சாமான் எடுத்து விற்கிற ஒரு கடையில் வாங்கிய தகர றங்குப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் முழுவதும் ஒரு சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தது. ஊமைப்படக் காலத்து அமெரிக்க போஸ்டர். அதை மூடியிலிருந்து உரித்து, கழுவி, முதுகுக்கு வேறு தாள் கொடுத்து, தட்டையாக எடுத்து வைத்தாயிற்று. என்ன பசை, எந்தத் தண்ணீர் என்று கேட்கிற ஆட்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட எழுதிவிடுவது லேசு. கடதாசி பழுதுபார்ப்பது பற்றி வாசிக்கக் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அறையின் ஈரப்பதத்தை ஐம்பது வீதத்துக்குக் கீழே வைத்திருங்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்கள். மட்டக்களப்பில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற வீட்டில், மார்கழி மாதம் உப்புப் போத்தலே தண்ணீர் விடும். ஆகவே இது இங்கே கிடைக்கிற சாமானை வைத்து இங்கத்தைய காற்றுக்கு ஏற்றபடி செய்த வேலை.

பழைய றங்குப் பெட்டி எங்கே கண்டாலும் மூடியைத் திறந்து பார்ப்பது என் பழக்கம். தகரத்தின் துரு உடுப்பில் பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்து ஆட்கள் உள்ளே கடதாசி ஒட்டினார்கள், கையில் அகப்பட்ட பெரிய தாள் எதுவோ அதை. பெரும்பாலும் பேப்பர், கலண்டர், சாமிப்படம். சில நேரம் சினிமா நோட்டீஸ். இந்தப் பெட்டியில் அடிப்பாகம் இத்துப்போய்க் கையை வைத்தால் உதிர்ந்தது. கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), "மூடி மட்டும்தான் தம்பி நல்லம். உள்ளுக்க இருக்கிற கடதாசியச் சுரண்டித் தரட்டா?" என்று கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்துவிட்டார். "ஐயோ வேணாம் காக்கா, இருக்கிற மாதிரியே தாங்க" என்று பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மூத்தவாப்பா கொழும்பில் யாவாரம் செய்த காலத்தில் கொண்டுவந்த பெட்டியாம், சுனாமியில் அடிப்பக்கம் உப்புத்தண்ணி ஏறினதாம், மூடி வரை வரவில்லையாம். இரும்பு விலைக்குத்தான் கொடுத்தார்.

அமெரிக்காவில் அந்தக் காலத்து முழுத்தாள் போஸ்டரின் அளவு 27 அங்குலத்துக்கு 41 அங்குலம், ஒன்-ஷீட் என்பார்கள். இந்த மூடி 21 அங்குலத்துக்கு 36, சுற்றிவர இரண்டரை மூன்று அங்குல மடிப்பு. போஸ்டரைப் படுக்கையாகப் போட்டு ஓரங்களை மடிப்பின் மேல் ஏற்றி ஒட்டினால் கிட்டத்தட்ட அச்சொட்டாக அடங்கும். மூலைகளில் மட்டும் கத்தரி போட்டிருக்கிறார்கள். ஒட்டினவர் கெட்டிக்காரர், அளவு பார்த்துத்தான் செய்திருக்கிறார். ஆனால் போஸ்டரின் தலைப்பக்கம் ஒரு பக்க மடிப்பில் போய் விழுந்துவிட்டது, மூடியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மடிப்பு பெட்டியின் விளிம்பில் உரசும். எண்பது தொண்ணூறு வருட உரசலில் படத்தின் பெயர் முழுதாகத் தேய்ந்து போய், எழுத்துகளின் கால்கள் மட்டும் சிவப்பில் ஒரு வரிசையாக மிஞ்சியிருந்தன. நடுவில் இருந்த படம் நன்றாகவே இருந்தது: கையில் லாம்பைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண், அவளுக்குப் பின்னால் இருட்டோடு இருட்டாகக் கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவன்.

முதலில் இது அசலா என்று பார்க்க வேண்டும். கொழும்பில் ஒருவர் எனக்கு ஒரு தடவை "ஒறிஜினல்" என்று காட்டிய தாள், தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்ட டிஜிட்டல் அச்சு. அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, பத்து மடங்கு பெருப்பிக்கிற ஒரு லென்ஸ் போதும். பின்னாளைய ஓப்செற் அச்சில் நிறங்கள் எல்லாம் ஒழுங்கான புள்ளிகளாக, சின்னச் சின்னப் பூ வட்டமாகத் தெரியும். 1920களின் லித்தோ போஸ்டரில் படத்தைக் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே கையால் வரைந்து அச்சடித்தார்கள், அதனால் நிழல் விழுகிற இடங்களில் கிரெயோன் தேய்த்த மாதிரி ஒழுங்கில்லாத சொரசொரப்பு இருக்கும், நிறத்தின் மேல் நிறம் ஏறின இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும். பெண்ணின் கன்னத்தில் லென்ஸை வைத்தவுடனே அது தெரிந்தது. கள்ளநோட்டுப் பார்க்கிற புற ஊதா ரோர்ச் ஒன்றும் அடித்துப் பார்த்தேன். தாளை வெள்ளையாகக் காட்டுகிற பளபளப்பு இரசாயனம் கடதாசியில் சேர்க்கத் தொடங்கியது 1950 அளவில்தான், அது சேர்ந்த தாள் ஊதா வெளிச்சத்தில் நீலமாக மின்னும். இது மின்னவில்லை, மங்கிய மஞ்சளாகவே கிடந்தது. மூன்று குறுக்கு மடிப்பும் ஒரு நெடுக்கு மடிப்பும் இருந்தன, அதாவது எட்டாக மடித்துத் தபாலில் அனுப்பிய தாள். அந்தக் காலத்தில் ஒன்-ஷீட் எல்லாம் அப்படித்தான் பயணம் செய்தன. மடிப்பே இல்லாமல் சுருட்டி வைத்த ஊமைப்பட போஸ்டர் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

கீழ் விளிம்பில் யாரோ பிறகு வேறொரு தாளை ஒட்டியிருந்ததால் அந்தப் பக்க மடிப்பு உரசலுக்குத் தப்பிவிட்டது. அந்த மேல்தாளைக் கிளப்பிப் பார்த்தபோது மிகச் சின்ன எழுத்தில் மோர்கன் லித்தோகிராஃப், கிளீவ்லாந்து என்று இருந்தது. ஒஹாயோ மாநிலத்தில் இருந்த அச்சகம், ஹொலிவுட் கம்பெனிகளுக்கு அந்தக் காலத்தில் ஏராளமாக போஸ்டர் அடித்துக் கொடுத்தவர்கள். பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு ரப்பர் முத்திரை, பாதி அழிந்திருந்தாலும் பம்பாய் என்ற சொல் வாசிக்க முடிந்தது. அமெரிக்காவில் அச்சாகி, பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து கல்முனைக்கு ஒரு பெட்டி மூடியாக வந்து சேர்ந்திருக்கிறது.

இவை ஏன் அரிதானவை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. போஸ்டர் விற்பதற்கு அச்சடித்ததல்ல. தியேட்டர்கள் அவற்றை வாடகைக்கு எடுத்து, படம் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், அது அடுத்த ஊருக்குப் போகும், கிழிகிற வரைக்கும் ஓடும். சுவரில் ஒட்டினது சுவரோடு போயிற்று. மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய கடதாசி சேகரித்தபோது கூழாகிவிட்டது. அதனால்தான் மிஞ்சியதற்கு அந்த விலை. ஜெர்மன் படமான மெட்ரோபொலிஸின் 1927ஆம் ஆண்டு போஸ்டர் ஒன்று 2005இல் 690,000 டொலருக்குப் போனது. லண்டன் ஆஃப்டர் மிட்நைட் என்ற படத்தின் ஒன்-ஷீட் 2014இல் 478,000 டொலர், அந்தப் படமே இன்று இல்லை, கடைசிப் பிரதி 1965இல் எம்.ஜி.எம். என்ற ஹொலிவுட் கம்பெனியின் கிட்டங்கியில் பிடித்த தீயில் எரிந்துவிட்டது, தாள்தான் மிச்சம். நம் பக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் ஊமைப்படம் எடுத்தார்கள், கையில் இருப்பது சில டசின் கூட வராது. பாபுராவ் பெயின்டர் 1924இல் எடுத்த கல்யாண் கஜினாவின் போஸ்டர்தான் அங்கே மிஞ்சியிருக்கிற மிகப் பழையவற்றில் ஒன்று. இலங்கையில் எடுத்த முதல் ஊமைப்படம் இராஜகீய விக்கிரமய, 1925, பிறகு அரசியலில் பெரிய ஆளான என்.எம். பெரேரா அதில் நடித்திருந்தார். இங்கே திரையிடுவதற்கு முன்பே படச்சுருள் எரிந்துபோனது. என்னுடைய போஸ்டருக்கு இந்த மாதிரி விலையெல்லாம் வராது, பெயரே இல்லாத படம், மூலை வெட்டின தாள். அது பரவாயில்லை, எனக்கு விற்கிற எண்ணமும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியோடு சேர்த்து வேலை செய்ய முடியாது, ஆகவே தகர வேலை செய்கிற ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிணைச்சலின் ஆணிகளைத் தட்டி மூடியைத் தனியே கழற்றினோம். அவர், "பின்னால லேசா நெருப்புக் காட்டினா பசை விட்டிரும் மனே, ஒரு நிமிசத்து வேல" என்றார். பசை விட்டாலும் கடதாசியும் பொரிந்து போகும். பழைய மரக்கூழ்த் தாளில் அமிலம் ஏறி நார் எல்லாம் குட்டையாகிப் போயிருக்கும், அதற்குச் சூடு கொடுத்தால் அப்பளம்தான்.

மூடியைத் திருப்பி மேசையில் வைத்து, மென்மையான தூரிகையால் தூசி தட்டி, வெள்ளை அழிறப்பரைத் துருவித் தூளாக்கி அந்தத் தூளை விரல் நுனியால் வட்டமாக உருட்டி அழுக்கு எடுத்தேன். இதில் கிடைத்த வெளிச்சமே நம்ப முடியாத அளவு. அப்புறம் மை சோதனை. இதைத் தவிர்த்துவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவிடக் கூடாது. காது துடைக்கிற பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஓரமான இடமாகப் பார்த்து அரை நிமிடம் வைத்து எடுத்துப் பஞ்சைப் பார்க்க வேண்டும். லித்தோ மை எண்ணெய் மை, பொதுவாகத் தண்ணீருக்கு அசையாது, சில சிவப்புகள் மட்டும் கழரும். இதில் சிவப்பு நின்றது, மஞ்சள் நின்றது, கறுப்பு கல் மாதிரி நின்றது. பம்பாய் முத்திரையில் வைத்த பஞ்சு மட்டும் தொட்டவுடனே ஊதாவாகிவிட்டது. ரப்பர் முத்திரை மை அனிலீன் சாயம், தண்ணீரைக் கண்டால் ஓடும். ஆக அந்த மூலையைக் கடைசி வரை காய்ந்தபடியே வைத்திருக்க வேண்டும் என்று முதலே முடிவாகிவிட்டது, பிறகு செய்த எல்லாவற்றையும் அதைச் சுற்றித்தான் திட்டம் போட்டேன்.

தகரத்தில் ஒட்டிய தாளை உரிப்பதில் ஒரு சிக்கல், பின்பக்கத்தால் ஈரம் கொடுக்க வழியில்லை. முன்பக்கத்தால் மை வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய்ப் பசையை இளக்க வேண்டும். அதுவும் மெல்லப் போக வேண்டும், தண்ணீர் ஊற்றினால் தாள் கூழாகும், அதோடு தகரம் நனைந்து துரு புதிதாகக் கிளம்பித் தாளில் ஊறும். இதற்கு வெளிநாட்டில் மெதில் செல்லுலோஸ் என்ற, தண்ணீரில் பாகாகிற தூளைப் பாவிப்பார்கள். இங்கே அதற்குப் பக்கத்து உறவு ஒன்று கேக் ஐசிங் சாமான் விற்கிற கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கிறது, சி.எம்.சி. பவுடர் என்று கேட்டால் தருவார்கள், ஐசிங் பூச் செய்வதற்கு வாங்குவது. ஒரு கோப்பைத் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி போட்டு அடித்து இரவு முழுக்க வைத்தால் கட்டி இல்லாத, வழியாத, கண்ணாடி போன்ற பாகு வரும். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

போஸ்டரின் முகத்தின் மேல் மிக மெல்லிய ஜப்பான் தாளைத் துண்டு துண்டாக வைத்து அதன் மேலால் பாகைப் பூசினேன். ஜப்பான் தாள் என்றால் கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுக்கிற நீள நார்த் தாள், ஈரத்திலும் கிழியாது, சென்னைக்குப் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் மூலம் சுருளாக வாங்கி வைத்திருந்தேன். இந்த மேல்தாள் இரண்டு வேலை செய்யும், பாகு நேரே மையில் படாமல் தடுக்கும், உரிக்கும்போது உடைந்த துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். முத்திரை மூலையை விட்டுவிட்டு ஒரு தடவைக்கு ஒரு சாண் அகலம் மட்டும் பூசி, மேலே பொலித்தீன் மூடி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற கையைக் கட்டிப் போடுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான பகுதி. புளித்த மா வாசம் ஒன்று வரும், பசை இளகிவிட்டது என்று அதுதான் சொல்லும். மூங்கிலைச் சீவி, கண்ணாடித் தாளில் தேய்த்து, நுனியை நகம் போல மெல்லிசாக்கி வைத்திருந்தேன். அதைத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவில் படுக்கையாக விட்டு, தாளைத் தூக்காமல் மூங்கிலைத்தான் முன்னே தள்ள வேண்டும். தூக்கினால் கிழியும். ஒரு பட்டை விட்டதும் அதற்கு அடியில் பொலியெஸ்டர் லைனிங் துணி ஒன்றைச் செருகி விடுவேன், தையற்கடையில் வாங்குகிற சாதாரணத் துணிதான், ஈரத் தாள் அதில் ஒட்டாது. தகரத்தை உடனேயே துணியால் ஒற்றிக் காயவைத்துவிட்டு அடுத்த பட்டை. பிணைச்சல் ஆணிகள் இருந்த இடங்களில் துரு தாளைத் தின்று ஓட்டையாக்கியிருந்தது, அதில் செய்ய ஒன்றுமில்லை. முத்திரை மூலையில் தகரத்தின் பெயின்ற்றே செதில் செதிலாகக் கழன்றிருந்ததால் ஈரமே இல்லாமல் மூங்கிலை விட்டுச் செதிலோடு சேர்த்து எடுத்து, பிறகு பின்னால் இருந்து அந்தச் செதிலைச் சுரண்டினேன்.

போஸ்டர் மூடியை விட்டு முழுதாக வந்து துணியின் மேல் கிடந்தபோது முதுகு முழுக்கப் பழுப்புப் பசை. பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று பார்க்கிற தாள் துண்டு ஒன்றை (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்), அலங்கார மீன் கடையில் கிடைக்கும், ஈரப்படுத்தி வைத்துப் பார்த்தேன், ஐந்துக்கும் கீழே காட்டியது. அமிலம் என்றால் அமிலம். கழுவாமல் வைத்தால் இன்னும் கொஞ்ச வருடத்தில் தொட்டால் தூள்.

தண்ணீர் இங்கே பெரிய பிரச்சினை. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலதில் உவர், சிலதில் இரும்பு, வாளியில் பிடித்து வைத்தால் சிவப்பாக அடி படியும். அதில் கடதாசி கழுவினால் வினையை விலைக்கு வாங்குவதுதான். வாகனச் சாமான் கடையில் பற்றரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் போத்தலில் விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள், போத்தலில் தண்ணீர் என்று போட்டிருக்க வேண்டும், அசிட் போத்தல் பக்கத்திலேயே இருக்கும், கவனம். அந்தத் தண்ணீரில் ஒன்றுமே இல்லாததால் கடதாசியில் இருக்கிற நல்ல கல்சியத்தையும் இழுத்துவிடும், அதனால் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு சேர்க்க வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற வெள்ளைச் சுண்ணாம்பு, நிறமோ வாசமோ கலக்காதது, ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே கடும் காரம், பி.எச். பன்னிரண்டு வரும், நேரே பாவிக்கக் கூடாது. பற்றரித் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து தாள் துண்டு எட்டைக் காட்டும்போது நிறுத்தினேன்.

தொட்டியில் மிதக்க விடவில்லை, முத்திரை இருக்கிறதே. ஒற்றுத்தாள்களை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பரப்பி அதன் மேல் போஸ்டரை வைத்தால் பழுப்பெல்லாம் கீழே இறங்கி ஒற்றுத்தாளில் தேநீர் கொட்டின மாதிரிப் படியும். மாற்ற வேண்டும், திரும்ப வைக்க வேண்டும். முத்திரை மூலைக்கு அடியில் காய்ந்த ஒற்றுத்தாள், அது லேசாக நனைந்தால் உடனே மாற்றுவது. கழுவக் கழுவ முகத்தின் மேலிருந்த பாகும் கரைந்து மேல்தாள் தானாகவே விட்டது. பெண்ணின் சட்டை வெளிர் பச்சை என்று அப்போதுதான் தெரிந்தது, அதுவரைக்கும் காக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துருக்கறை போகவில்லை. ஒக்சாலிக் அமிலம் போட்டால் போகும் என்று சொல்வார்கள், வெள்ளை வேட்டிக்குச் சரி, தொண்ணூறு வயதுத் தாளுக்குச் சரியில்லை. கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

பசை. இதில்தான் நம் ஊரில் எல்லோரும் ஏதோவொன்று சொல்வார்கள். அச்சகத்தில் பைண்டிங் செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், கோதுமை மாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி கிட்ட வராது என்றார். பூச்சி வராதுதான், ஐயாவின் அனுபவத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதில் இருக்கிற செம்பு கடதாசியைக் காலப்போக்கில் அரித்துக் கறுக்க வைக்கும். மாவில் இருக்கிற புரதமும் பூச்சியை இழுக்கும், பசை மஞ்சளாகி இறுகுவதும் அதனால்தான். அதை எடுத்துவிட்டால் தொல்லை குறையும். ரொட்டிக்குக் குழைக்கிற மாதிரி கோதுமை மாவை இறுக்கமாகக் குழைத்து ஒரு மணித்தியாலம் மூடி வைத்து, அந்த உருண்டையை ஒரு பேசின் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்தால் பால் மாதிரி மாப்பால் இறங்கும், கையில் சவ்வு மாதிரி ஒரு ரப்பர் உருண்டை மிஞ்சும். அந்த ரப்பர்தான் புரதம். "ரொட்டி சுடுற மாவ இப்பிடித் தண்ணியில கரைச்சு ஊத்துறியே, மறுகா ராவைக்கு எதத் திங்கிற?" என்று அம்மா கேட்டார். மாப்பாலை வடித்து ஓர் இரவு அடைய விட்டு மேல் தண்ணீரை ஊற்றிவிட்டால் அடியில் வெள்ளை வெளேரென்று மாச்சத்து. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் கைவிடாமல் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வரும். ஆறவிட்டு, பழைய பருத்தித் துணியால் பிழிந்து வடித்து, தண்ணீர் சேர்த்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவந்தால் பசை. எங்கள் வெக்கையில் பிரிட்ஜில் வைத்தாலும் நாலைந்து நாளில் புளித்துவிடும், வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுங்கள். இந்தப் பசை எப்போது வேண்டுமானாலும் ஈரத்துக்கு விடும். பிறகு என்னை விடக் கெட்டிக்காரன் ஒருவன் வந்து நான் செய்ததைக் கழற்றிவிட்டு நல்லதாகச் செய்யலாம், எனக்கு இந்த முழு வேலையிலும் முக்கியமாகப் படுவது அதுதான். பெவிகோல், செலோரேப், இரண்டும் போனால் போனதுதான்.

முதுகுக்குத் துணியா தாளா என்பதில் எனக்குக் கொஞ்சம் இழுபறி. உலகத்தில் போஸ்டர் சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் பருத்தித் துணியில் ஏற்றுவார்கள், சந்தையிலும் அதற்கு மறுப்பில்லை. மருதமுனைக் கைத்தறித் துணி இதற்கு அருமையான துணி, நெசவுக்குப் போட்ட கஞ்சி போகக் கொதிநீரில் அலசி, மரச்சட்டத்தில் இழுத்து அடித்து, அறுபதுகளின் தமிழ்ப் பட போஸ்டர் ஒன்றை அதில் ஏற்றிப் பார்த்தேன். வடிவாக வந்தது. மாரி தொடங்கினதும் தொய்ந்தது, வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினதும் மேளத் தோல் மாதிரி இறுகியது. துணி ஒரு பக்கம் இழுக்கத் தாள் ஒரு பக்கம் இழுக்கும். ஏசி அறைக்கு அது சரி, எங்கள் வீட்டுக்குச் சரிவராது. ஆகவே இந்தத் தாளுக்குத் தாளையே கொடுத்தேன், கொஞ்சம் தடிப்பான ஜப்பான் தாள், இரண்டை ஓரம் பொருத்தி. கத்தரியால் வெட்டாமல் தண்ணீரால் கோடு கீறிக் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும், பொருத்தின இடம் தடவிப் பார்த்தாலும் தெரியாது.

காயவைப்பதற்கு ஒரு பழைய பளபளப்புப் பலகைக் கதவு. முதுகுத்தாளைப் போஸ்டரை விட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக விட்டிருந்தேன், அந்த ஓரத்தில் மட்டும் பசை பூசிக் கதவில் ஒட்டினால் நடுவில் போஸ்டர் எதிலும் ஒட்டாமல் நிற்கும், காயும்போது தானாகவே இழுபட்டுத் தட்டையாகும். ஆடி ஆவணிக் கச்சான் காற்றில் எல்லாம் ஒரு பகலில் காய்ந்துவிடும், அதுதான் ஆபத்தும், மடமடவென்று காய்ந்தால் நடுவில் வெடிக்கும். யன்னல் எல்லாம் சாத்தி, விசிறியை நிறுத்தி, மேலே ஈரம் பிழிந்த துவாய் ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு வேகத்தைக் குறைத்தேன். வீட்டில் உள்ளவர்கள் அந்த வெக்கையில் என்னைத் திட்டினார்கள். நியாயம்தான்.

ஓட்டைகளுக்கு வருவோம். இதில்தான் ஆளுக்கு ஆள் கருத்து. வாங்குகிற எண்ணத்தோடு வந்து பார்த்த ஒருவர், தேய்ந்துபோன பெயரை எழுதி, கறுப்புக் கோட்டுக்காரனின் காணாமல்போன தோளை வரைந்து முடித்தால் நல்ல சல்லி தரலாம் என்றார். "எழுத்தின்ட கால் இருக்குத்தானே, தலைய நீங்களே ஊகிச்சுப் போடலாமே" என்று கேட்டார். ஊகித்துப் போட்டால் அது என் போஸ்டர், மோர்கன்காரனின் போஸ்டர் இல்லை. ஓட்டைகளை அதே தடிப்புத் தாளால் நிரப்பினேன், நிரப்புகிற தாளுக்கு மட்டும் வோட்டர் கலரில் சுற்றியுள்ள நிறத்தை விட ஒரு பங்கு மங்கலாகச் சாயம் கொடுத்து, ஒட்டுவதற்கு முன்பே. அசல் தாளில் ஒரு பொட்டும் வைக்கவில்லை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் கண் படத்தைப் பார்க்கும், கிட்டப் போனால் எது பழையது எது புதியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைப்பு மடிப்பில் எழுத்தின் கால்கள் அப்படியே நிற்கின்றன. ஒன்பது எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், நடுவில் ஒன்று வளைந்த காலுள்ள ஆங்கில 'ஆர்' மாதிரி. அந்தக் காலத்து அமெரிக்கப் பட விளம்பரங்கள் பல டிஜிட்டலாகப் பார்க்கக் கிடைக்கின்றன, லாம்புப் பெண்ணை இரவில் அதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வைக்கிற விதம் பற்றி ஒரு சொல். நம் ஊரில் பிறப்புச் சான்றிதழிலிருந்து காணி உறுதி வரைக்கும் எல்லாவற்றையும் லமினேற் செய்துவிடுகிறார்கள், தயவுசெய்து பழைய தாள் எதையும் அந்த மெசினுக்குள் விடாதீர்கள், உள்ளே போன சூட்டுப் பசையைத் திரும்ப எடுக்க வழியே இல்லை, அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தாளைத் தின்னும். ஸ்ரேஷனரிக் கடைப் பி.வி.சி. உறையும் வேண்டாம், வெக்கையில் மையைக் கழற்றித் தன்னில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் தாள், மைலார் என்று கேட்டால் கொழும்பில் கிடைக்கும், அதில் இரண்டு பக்கம் மட்டும் ஒட்டி மற்ற இரண்டு பக்கமும் காற்றுப் போக விட்டிருக்கிறேன். அதை ஒரு தட்டைப் பலகைக்கு மேல் படுக்க வைத்து, அலுமாரிக்கு மேலே, நிலத்திலிருந்து ஆளுயரத்துக்கு மேல். வெள்ளம் வருகிற ஊரில் அடித்தட்டு என்பது தாளுக்கு இடமே இல்லை. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் சிலிக்கா ஜெல் பை நாலைந்து பக்கத்தில் போட்டு, நிறம் மாறினதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடுவது. சுவரில் மாட்டியிருப்பது ஃபோட்டோப் பிரதி, வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டே திருப்திப்பட்டுப் போகிறார்கள்.

அந்தக் கீழ் ஓரத்து மேல்தாளையும் வீசவில்லை. கழுவி விரித்துப் பார்த்தால் அது ஒரு கடைச் சரக்குச் சீட்டு, அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று பென்சிலில் எழுதிய கணக்கு. அதையும் போஸ்டரோடு அதே பலகையில் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு கட்டுக் கைநோட்டீஸ், மெல்லிய நிறத் தாளில் ஒற்றை மையில் அச்சடித்தவை, இராமபாணப் பூச்சி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே நேர்கோட்டில் துளை போட்டுக்கொண்டு போயிருக்கிறது. காற்றுப் போகாத பையில் இறுக்கிக் கட்டி வீட்டு பிரீசரில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையோடு செத்துவிடும், எடுத்தவுடனே பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்துத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பனி தாளில் படியும். மீனும் ஐஸ் கட்டியும் இருக்கிற தட்டில் இடம் கேட்டிருக்கிறேன். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.